எப்போதாவது ஒரு தொலைநகல்: வீட்டுக் கணினியிலிருந்து அனுப்ப எது வசதி?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. காலஞ்சென்ற என் கணவர் சில ஆண்டுகள் கனடாவில் வேலை செய்தவர். அங்குள்ள காப்புறுதி நிறுவனமொன்று ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை ஏதாவதொரு படிவத்தைக் கையொப்பமிட்டுத் தொலைநகலில் அனுப்பும்படி கேட்கிறது. இதுவரை காலி வீதியில் உள்ள ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில் கொடுத்து அனுப்பினேன். அவர்கள் இப்போது அந்த இயந்திரத்தை எடுத்துவிட்டார்கள். வீட்டில் மடிக்கணினியும் ஃபைபர் இணைப்பும் இருக்கின்றன. தொலைநகல் வசதியுள்ள பிரின்டர் ஒன்றை வாங்கும்படி மகன் சொல்கிறார். ரவுட்டரும் ஒரு மோடம்தானே, அதிலிருந்தே அனுப்பலாம் என்கிறார் மருமகன். இணையத்தில் மாதச் சந்தாவுக்கு இதற்கென்றே சேவைகள் இருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்கிறது. எதைத் தெரிவு செய்வது?

— வாசகி, வெள்ளவத்தை

பதில்: பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னதே உங்களுக்குப் பொருந்தும் வழிக்கு மிக அண்மையானது. ஆனால் ஆண்டுக்கு நான்கு தொலைநகல்களுக்காக மாதந்தோறும் சந்தா கட்டுவது வீண்செலவு. அதை எப்படித் தவிர்ப்பது என்று சொல்வதற்கு முன், காசே செலவாகாத ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். அந்தக் காப்புறுதி நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, இதே படிவத்தை அவர்களுடைய இணையத்தளத்தில் பதிவேற்றவோ மின்னஞ்சலுடன் இணைத்து அனுப்பவோ முடியுமா என்று கேளுங்கள். படிவத்தின் அடியில் தொலைநகல் இலக்கம் மட்டுமே இருப்பதற்கு, அந்தப் படிவத்தை நெடுங்காலமாக எவரும் திருத்தவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லாமலும் இருக்கலாம். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவைக்குப் புதிய தொலைநகல் இயந்திரங்களை வாங்குவது 2019 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டு, இருந்தவற்றையும் 2020 மார்ச் 31க்குள் கைவிடும்படி கூறப்பட்டது. அந்நாட்டின் பழைய தொலைபேசி வலையமைப்பை நிறுத்துவதற்கே 2027 ஜனவரி என்று நாள் குறித்திருக்கிறார்கள். வட அமெரிக்காவிலோ மருத்துவம், காப்புறுதி, சட்டம் ஆகிய துறைகளில் தொலைநகல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஆகவே “தொலைநகலில்தான் வேண்டும்” என்ற பதில் வந்தாலும் வியப்பதற்கில்லை. அப்படி வந்தால் மேலே படியுங்கள்.

மருமகன் சொல்லும் ரவுட்டரை முதலில் ஒதுக்கிவிடலாம். அதற்குள் மோடம் ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் அதன் வேலை உங்கள் வீட்டை இணையத்துடன் இணைப்பது மட்டுமே. தொலைநகல் மோடம் செய்யும் வேலை வேறு. அது ஒரு தொலைபேசி இலக்கத்தைச் சுழற்றி, மறுமுனையில் உள்ள இயந்திரம் எடுத்ததும் அதனுடன் ஒலிகளால் பேசி, எந்த வேகத்தில் அனுப்புவது என்று உடன்பாடு செய்துகொண்டு, பின்னர் பக்கத்தைக் கோடு கோடாகப் பிரித்து அனுப்புகிறது. இணைய ரவுட்டருக்கு இந்தப் பாஷை தெரியாது. விண்டோசில் ‘விண்டோஸ் ஃபக்ஸ் அன்ட் ஸ்கான்’ என்று ஒரு செயலி இருப்பதைப் பார்த்து, இணையம் இருந்தால் போதுமென்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். அந்தச் செயலிக்கும் கணினியுடன் இணைக்கப்பட்ட தொலைநகல் மோடமும், அந்த மோடத்தைச் செருகத் தொலைபேசி இணைப்பும் வேண்டும்; அல்லது ஓர் அலுவலகத்தில் இருப்பது போன்ற தொலைநகல் சேவையகம் வேண்டும்.

மகன் சொல்லும் பிரின்டரில் அந்த மோடம் உள்ளேயே இருக்கும். ஆனால் அதற்கும் தொலைபேசி இணைப்பு தேவை. அந்த இணைப்பு எப்படிப்பட்டது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. உங்கள் வீட்டில் இருப்பது ஃபைபர். அதில் குரல் அழைப்பும் இணையத் தரவாக மாற்றப்பட்டே செல்கிறது. தொலைநகலுக்கு அது எப்போதும் ஒத்துவருவதில்லை. ஏன் என்பதை அடுத்த கேள்விக்கான பதிலில் விளக்கியிருக்கிறேன். பிரின்டரை அச்சிடவும் ஸ்கேன் செய்யவும் வாங்குவதானால் தாராளமாக வாங்குங்கள். தொலைநகலுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

இனி இணையவழிச் சேவைக்கு வருவோம். நீங்கள் பி.டி.எஃப். கோப்பொன்றைப் பதிவேற்றி, பெறுபவரின் தொலைநகல் இலக்கத்தைக் கொடுத்தால், அந்த நிறுவனத்தின் கணினிகள் அந்த இலக்கத்தை அழைத்து உங்களுக்காக அனுப்பிவிடும். கனடாவில் உள்ள இயந்திரத்துக்கு வழக்கமான தொலைநகலாகவே அது போய்ச் சேரும். இத்தகைய சேவைகளில் மூன்று வகை உண்டு: மாதச் சந்தா கேட்பவை, ஒரு தொலைநகலுக்கு அல்லது ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று அவ்வப்போது வாங்குபவை, முற்றிலும் இலவசமானவை. உங்களுக்கு ஏற்றது இரண்டாவது வகை. இலவசச் சேவைகள் பெரும்பாலும் அமெரிக்க, கனேடிய இலக்கங்களுக்கே அனுப்புவதால் உங்கள் தேவைக்கு அவையும் எட்டும். ஆனால் சில பக்கங்கள்தான் என்ற வரம்பும், முகப்புத் தாளில் அவர்களுடைய விளம்பரமும் இருக்கும். காப்புறுதிக் கோரிக்கையின் முன்பக்கத்தில் வேறொருவருடைய விளம்பரம் போவதை நான் விரும்பமாட்டேன். அதைவிட, கணவரின் இறப்புச் சான்றிதழும் வங்கி விவரமும் அடங்கிய தாள்களை, எவர் நடத்துகிறார் என்பதே தெளிவாகத் தெரியாத ஓர் இலவசத் தளத்தில் ஏற்றுவது நல்லதல்ல.

பணம் கொடுப்பதற்கு முன் அந்தத் தளத்தில் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் பக்கத்துக்கா தொலைநகலுக்கா, முகப்புத் தாளும் ஒரு பக்கமாகக் கணக்கிடப்படுமா, இலக்கம் வேறொரு அழைப்பில் இருந்தால் தாமாகவே மறுபடி முயல்வார்களா, அனுப்பத் தவறினால் பணம் திரும்புமா, அனுப்பிய கோப்பை அவர்களுடைய கணினியிலிருந்து நீங்களே அழிக்க முடியுமா என்பவை முக்கியமானவை. “முதல் மாதம் இலவசம்” என்று சொல்லிக்கொண்டே கடனட்டை இலக்கத்தைக் கேட்கும் தளங்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்த மாதம் முடிந்ததும் சந்தா தானாகவே ஓடத் தொடங்கும், அதை நிறுத்தும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு வேலையாகிவிடும். டெபிட் அட்டையானால், வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்கு அது திறந்துவிடப்பட்டிருக்கிறதா என்று வங்கியிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் உண்டு. வட அமெரிக்கப் படிவங்களில் 800, 888, 877 என்று தொடங்கும் கட்டணமில்லா இலக்கங்கள் அடிக்கடி தரப்பட்டிருக்கும். அவை அந்த நாட்டுக்குள் இருப்பவர்களுக்காக ஏற்படுத்தப்பட்டவை. கொழும்பிலிருந்து சுழற்றினால் கிடைக்காமலே போகலாம், கிடைத்தாலும் கட்டணமில்லாமல் இருக்காது. அமெரிக்காவிலோ கனடாவிலோ இயங்கும் இணையச் சேவை அதே இலக்கத்தை உள்ளூர் அழைப்பாக அழைத்துவிடும். உங்களைப் போன்றவர்களுக்கு வீட்டு மோடத்தைவிட இணையச் சேவையை நான் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அனுப்பியதும் மின்னஞ்சலில் வரும் அறிக்கையை அழித்துவிடாதீர்கள். நாளும் நேரமும், எத்தனை பக்கம் போய்ச் சேர்ந்தது என்பதும் அதில் இருக்கும். மறுமுனை இயந்திரம் தன்னைப் பற்றிச் சொன்ன அடையாளமும் இருந்தால் இன்னும் நல்லது. அந்த அடையாளத்தில் அதிகபட்சம் 20 எழுத்துகள்தான் இடம்பெறும். வழக்கமாக அவர்களுடைய இலக்கம் அங்கே தெரியும். அது நீங்கள் கொடுத்த இலக்கத்துடன் ஒத்துப்போனால், “எங்களுக்கு வரவில்லை” என்று பின்னர் சொல்பவர்களிடம் காட்ட அதைவிட நல்ல சான்று உங்கள் கையில் இருக்காது.

கேள்வி: கப்பல் சரக்கு விடுவிப்பு வேலையை வீட்டிலிருந்து செய்கிறேன். சில கம்பனிகள் இன்றும் தொலைநகலைக் கேட்பதால், யூனிட்டி பிளாசாவில் யூ.எஸ்.பி. தொலைநகல் மோடம் ஒன்று வாங்கினேன். செப்புக் கம்பி இணைப்பு இருந்தவரை நன்றாக வேலை செய்தது. ஃபைபருக்கு மாறிய பிறகு முதலாவது பக்கம் போகிறது, இரண்டாவது பக்கத்தில் அறுந்துவிடுகிறது. மோடம் பழுதா?

— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மோடம் பழுதாகியிருந்தால் முதலாவது பக்கமும் போயிருக்காது. மாறியிருப்பது உங்கள் இணைப்பு.

இன்று நாம் பயன்படுத்தும் தொலைநகல் முறை 1980இல் வகுக்கப்பட்டது; மூன்றாம் தொகுதி என்று அதைச் சொல்வார்கள். தொடர்ச்சியான ஒலி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிதையாமல் செல்லும் சாதாரணத் தொலைபேசி இணைப்பை மனத்தில் வைத்தே அது உருவாக்கப்பட்டது. மூன்று விநாடிக்கு ஒரு தடவை கேட்கும் அந்தக் கூவல் 1,100 ஹேர்ட்ஸ் ஒலி. “நான் தொலைநகல்” என்று அழைப்பவர் பக்கம் சொல்லும் அறிவிப்பு அது. மறுமுனை 2,100 ஹேர்ட்ஸில் பதில் சொல்லும். அதன் பிறகு இரண்டும் வேகத்தைப் பேசி முடிவு செய்யும். மோடப் பெட்டியில் 56 கே என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும், தொலைநகலுக்கு அது பெரும்பாலும் விநாடிக்கு 14,400 பிட் வரைதான் போகும்.

ஃபைபர் இணைப்பில் உங்கள் குரல் பொதுவாக 20 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டுத் தரவுப் பொதிகளாக அனுப்பப்படுகிறது. ஒரு பொதி தொலைந்தாலும், சற்றுத் தாமதித்து வந்தாலும், பேச்சைக் கேட்கும் காது அதைக் கவனிப்பதில்லை. தொலைநகல் மோடத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவ்வளவு நேரத்தில் அது நூற்றுக்கணக்கான பிட்களை இழந்துவிடும். இதனுடன், இரண்டு பக்கங்களுக்கு இடையில் இயந்திரங்கள் வேகத்தைக் குறைத்து, “பக்கம் கிடைத்ததா, அடுத்ததை அனுப்பலாமா” என்று கேட்டுப் பதில் பெற வேண்டும். அந்தக் கேள்வியோ பதிலோ உரிய நேரத்துக்குள் வந்து சேராவிட்டால் அழைப்பு துண்டிக்கப்படும். அழைப்பு நீள நீள இந்த ஆபத்தும் கூடும். ஒரு பக்கம் போய் இரண்டாம் பக்கத்தில் அறுவதன் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும்.

இதற்கென்று டி.38 என்ற முறை 1998இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. தொலைநகல் ஒலியைக் கண்டுகொண்டதும், அதை ஒலியாகவே கடத்தாமல், உள்ளே இருக்கும் தரவைப் பிரித்தெடுத்து இணையப் பொதிகளாக அனுப்பி, மறுமுனையில் மீண்டும் ஒலியாக்கிக் கொடுப்பது அதன் வேலை. ஆனால் அது உங்கள் வீட்டு ஃபைபர் பெட்டியிலும் தொலைபேசி நிறுவனத்தின் பக்கத்திலும் இயங்க வேண்டும். ஆகவே வாடிக்கையாளர் சேவையை அழைத்து, “தொலைநகல் போகவில்லை” என்று மட்டும் முறையிடாமல், “எனது இணைப்பில் டி.38 இயக்கப்பட்டிருக்கிறதா” என்றே கேளுங்கள். கேள்வி துல்லியமாக இருந்தால், அது முதல் மேசையுடன் நின்றுவிடாமல் தொழில்நுட்பப் பிரிவுவரை போகும்.

அதுவரை நீங்களே செய்து பார்க்கக்கூடியவை சில உள்ளன. மோடத்தின் கம்பி சுவரில் இருக்கும் பழைய செருகியில் அல்லாமல், ஃபைபர் பெட்டியின் தொலைபேசித் துளையில் நேரடியாக இருக்க வேண்டும். இடையில் வேறு தொலைபேசிகள் இருக்கக்கூடாது. அனுப்பும் வேகத்தை 9,600க்கு இறக்குங்கள். விண்டோசின் சொந்தச் செயலியில் இதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மோடத்துடன் வந்த மென்பொருளில் பாருங்கள். பல பக்கங்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனி அழைப்பில் அனுப்புங்கள். பிழை திருத்தும் வசதியை அணைத்துவிடும்படியும் பலர் சொல்வார்கள். அணைத்தால் அழைப்பு அறுவது குறையும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது பழுதான கோடுகள் திருத்தப்படாமல் அப்படியே அச்சாகும். நீங்கள் அனுப்புவதோ கொள்கலன் இலக்கங்களும் நிறைகளும் நிறைந்த தாள்கள். ஒரு கோடு போனால் 8 என்பது 3 ஆகத் தெரியலாம். எனவே உங்கள் தொழிலுக்கு அந்த யோசனையை நான் ஏற்கமாட்டேன். வேகத்தைக் குறையுங்கள்; திருத்தத்தை விட்டுவையுங்கள்.

நான்காம் தலைமுறை ரவுட்டரில் தொலைபேசித் துளை இருக்கிறதே, அதில் செருகலாமா என்று இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அதில் செருகிப் பயனில்லை. கைபேசி வலையமைப்புகள் மனிதக் குரலுக்கென்று வடிவமைத்த சுருக்க முறையில்தான் அழைப்பைக் கடத்துகின்றன. மோடத்தின் ஒலி அதில் அடையாளம் தெரியாமல் சிதைந்துவிடும். முன்பு வீடுகளில் இருந்த கம்பியில்லா சி.டி.எம்.ஏ. தொலைபேசிகளிலும் இதுவேதான் நடந்தது. செப்புக் கம்பி இன்னும் இருப்பவர்கள் மட்டும் யூ.எஸ்.பி. மோடத்தை நம்பி வாங்கலாம். அந்தக் கம்பியிலேயே ஏ.டி.எஸ்.எல். இணையமும் வருமானால், மோடத்துக்கு முன்னால் ஒரு வடிகட்டியை மாட்ட மறக்க வேண்டாம்.

உங்கள் நிலைமையில் இன்னொரு விடயத்தையும் கவனியுங்கள். முதற் கேள்வியில் சொன்ன வெளிநாட்டு இணையச் சேவைகள் கொழும்பு இலக்கத்துக்கு அனுப்பும்போது அதைச் சர்வதேச அழைப்பாகவே கணக்கிடும்; கட்டணம் கனடாவுக்கு அனுப்புவதைவிடக் கூடுதலாக இருக்கும், இலங்கைக்கு அனுப்பாத சேவைகளும் உண்டு. அனுப்புவதானால் 94 என்பதற்குப் பின் 011இல் உள்ள முதற் பூச்சியத்தை விட்டுவிட்டு 11 என்று தொடங்க வேண்டும். பூச்சியத்தையும் சேர்த்து அடித்துவிட்டுச் சேவை மோசமென்று திட்டுபவர்கள் ஏராளம். சுங்கத் திணைக்களத்தின் ஆவண வேலையே அசிகுடா வேர்ல்ட் என்ற கணினி முறைமையில் நடக்கும் காலத்தில், அதே சரக்குக்குத் தொலைநகல் கேட்கும் கம்பனிகளிடம் மின்னஞ்சலை ஏற்கும்படி ஒரு முறை எழுத்தில் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கேள்வி: அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக மென்பொருள் செய்துகொடுக்கும் சிறு நிறுவனமொன்றை அங்கே பதிவு செய்திருக்கிறேன். வரி அடையாள இலக்கத்துக்கான எஸ்.எஸ்.-4 படிவத்தைத் தொலைநகலில் அனுப்ப வேண்டும். பதிலும் தொலைநகலில் வருமாம். எனக்குத் தொலைநகல் இலக்கமே கிடையாது. என்ன செய்வது?

— வாசகர், தெஹிவளை

பதில்: அனுப்புவது மட்டுமானால் மேலே சொன்ன, அவ்வப்போது கட்டணம் கொடுக்கும் சேவையே போதும். அமெரிக்க வருமான வரித் திணைக்களம் அந்நாட்டுக்கு வெளியே இருந்து அனுப்புபவர்களுக்கென்று, கட்டணமில்லா இலக்கத்திலிருந்து வேறுபட்ட தனி இலக்கம் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. படிவத்துக்கான அறிவுறுத்தல்களில் அதைக் காணலாம். எங்கிருந்தோ பிரதி செய்த இலக்கத்தை நம்பாமல், அந்தத் திணைக்களத்தின் சொந்தத் தளத்தில் இருக்கும் அறிவுறுத்தலை அன்றைய தினமே பார்த்து அடியுங்கள். உங்கள் பெயர், முகவரி, கையொப்பம் எல்லாம் இருக்கும் தாள் அது. ஓர் இலக்கம் தவறினால் முன்பின் தெரியாத ஒருவருடைய தட்டில் போய் விழும்.

பதில் பெறுவதுதான் வேறு கதை. படிவத்துடன் உங்கள் தொலைநகல் இலக்கத்தையும் குறிப்பிட்டால் ஏறக்குறைய 4 வேலை நாட்களில் பதில் தொலைநகலில் வரும் என்று அத்திணைக்களம் சொல்கிறது. இல்லாவிட்டால் தபாலுக்காகக் காத்திருக்க வேண்டும். மாதச் சந்தாவை நான் ஏற்றுக்கொள்ளும் ஒரே இடம் இதுதான். ஒரு சேவையில் சேர்ந்தால் அமெரிக்க இலக்கமொன்று உங்களுக்கென்று ஒதுக்கப்படும். அதற்கு வரும் தொலைநகல் பி.டி.எஃப். கோப்பாக உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். வீட்டில் இயந்திரமும் தேவையில்லை, இரவு முழுவதும் கணினியைத் திறந்து வைத்திருக்கவும் தேவையில்லை. கொழும்பில் இரவாக இருக்கும்போதுதான் அங்கே அலுவலக நேரம் என்பதால் இது சிறிய வசதியல்ல.

ஆனால் பதில் வந்த மறுநாளே சந்தாவை நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் விட்டுவிடும் இலக்கம் சிறிது காலத்தில் இன்னொரு வாடிக்கையாளருக்குக் கொடுக்கப்படலாம். திணைக்களம் திருத்தக் கடிதம் ஒன்றை அதே இலக்கத்துக்கு அனுப்பினால் அது அவரிடம் போகும். இரண்டு மாதமாவது வைத்திருந்து, எல்லாம் ஒழுங்காக வந்து முடிந்த பிறகு நிறுத்துங்கள். நிறுத்தியதை உறுதிசெய்யும் மின்னஞ்சலையும் சேமித்து வையுங்கள். அட்டையில் மறுபடி பணம் கழிக்கப்பட்டால் வங்கியிடம் காட்ட அது தேவைப்படும்.

கேள்வி: இணையவழியாக அனுப்பிய தேசிய அடையாள அட்டைப் பிரதி கறுப்பாகப் போய்விட்டதென்றும், கூட அனுப்பிய தமிழ்க் கடிதத்தில் எழுத்துகள் சிதைந்திருப்பதாகவும் திருப்பி எழுதியிருக்கிறார்கள். என் கணினித் திரையில் இரண்டும் பளிச்சென்று இருந்தன. காரணம் என்ன?

— வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: உங்கள் திரை காட்டியது நிறப் படம், மறுமுனைக்குப் போனது கறுப்புப் புள்ளிகளும் வெள்ளை இடமும் மட்டுமே. வழக்கமான தொலைநகலில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. பக்கத்தின் அகலத்தில் 1,728 புள்ளிகள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. அடையாள அட்டையின் பின்னணியில் இருக்கும் மென்மையான நிறக் கோலங்களைச் சேவையின் மென்பொருள் எந்தப் பக்கம் தள்ளுவது என்று முடிவு செய்ய வேண்டும். அது கறுப்பின் பக்கம் தள்ளினால் இலக்கமும் முகமும் அதனுள் மறைந்துவிடும். ஆகவே அந்த முடிவை மென்பொருளிடம் விடாமல் நீங்களே எடுங்கள். கைபேசியில் ஸ்கேன் செய்யும் செயலிகளில் ‘கறுப்பு வெள்ளை’ என்றொரு தெரிவு இருக்கும். அதைத் தெரிவு செய்து, இலக்கம் தெளிவாகும் வரை வெளிச்சத்தைக் கூட்டுங்கள். அட்டையை அதன் இயல்பான அளவில் வைக்காமல் அரைப் பக்கம் வருமாறு பெரிதாக்குங்கள். முகம் அழகாகத் தெரிய வேண்டிய தேவை அநேகமாக இல்லை. இலக்கமும் பெயரும் தெரிந்தால் போதும்.

தமிழ்க் கடிதத்தின் சிக்கல் வேறு. சாதாரணத் தரத்தில் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு 3.85 கோடுகள்தான் உண்டு. ஒரு கோட்டின் உயரம் கால் மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். சிறிய எழுத்தில் அச்சிட்ட கடிதத்தில் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி ஓரிரு கோடுகளுக்குள் அடங்கிவிடும். அந்தக் கோடு புள்ளியின் விளிம்பில் போனால் புள்ளியே காணாமல் போகும். ‘ன’, ‘ண’ ஆகியவற்றின் சுழிகளும் ஒன்றுடன் ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலக் கடிதத்தில் தெரியாத இந்தக் குறை தமிழிலும் சிங்களத்திலும் உடனே கண்ணில் படும். நுண்தரம் என்ற தெரிவில் கோடுகள் இரட்டிப்பாகி மில்லிமீற்றருக்கு 7.7 ஆகின்றன. எனவே சேவையில் அந்தத் தெரிவு இருந்தால் எப்போதும் அதையே வைத்திருங்கள். அனுப்பும் நேரம் சற்றுக் கூடும், அவ்வளவுதான். எழுத்தின் அளவு 14க்குக் குறையாமலும், எழுத்துரு தடித்த கோடுகளுடனும் இருக்கட்டும். மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறி மாறி வரும் அலங்கார எழுத்துருக்கள் வேண்டாம்.

கையொப்பத்தைக் கறுப்பு மையில் இடுங்கள். வெளிர்நீலக் குமிழ்முனைப் பேனாவால் இட்ட கையொப்பம் இடையிடையே அறுந்து போகும்; கையொப்பம் இல்லையென்று படிவமே திரும்பி வருவதும் உண்டு. மஞ்சள் மையால் நிறம் பூசிய வரிகள் மறுமுனையில் கறுப்புப் பட்டையாகத் தெரியலாம். முக்கியமான இடத்தைக் காட்ட வேண்டுமென்றால் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். அனுப்புவதற்கு முன் அந்த பி.டி.எஃப். கோப்பைக் கறுப்பு வெள்ளையில் ஒரு தடவை அச்சிட்டுக் கையை நீட்டிப் பிடித்து வாசித்துப் பாருங்கள். அங்கே வாசிக்க முடியாதது மறுமுனையிலும் வாசிக்க முடியாததாகவே இருக்கும்.

கேள்வி: தொலைநகலில் அனுப்பிய கையொப்பம் இலங்கையில் சட்டப்படி செல்லுமா? கடையில் கொடுத்து அனுப்புவது பாதுகாப்பா?

— வாசகர், மட்டக்குளி

பதில்: ஓர் ஆவணம் இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது என்பதை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் ஏற்கிறது, 2017இல் 25ஆம் இலக்கச் சட்டத்தால் அது திருத்தப்பட்டது. ஆனால் அதே சட்டம் மரணசாசனம், அற்றோர்னித் தத்துவம், நம்பிக்கைப் பொறுப்பு, காணி வீடு போன்ற அசையா ஆதனத்தின் விற்பனை, மாற்றுண்டியல் ஆகியவற்றைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. இவற்றில் ஏதாவது உங்கள் கையில் இருந்தால் தொலைநகலை நினைக்கவே வேண்டாம், நொத்தாரிசிடம் போங்கள். மற்றவற்றில், சட்டம் என்ன சொல்கிறது என்பதைவிட, பெறும் வங்கியோ அலுவலகமோ எதை ஏற்கும் என்பதே நடைமுறையில் முடிவு செய்கிறது. “தொலைநகலைப் பார்த்து வேலையைத் தொடங்குகிறோம், மூலப் பிரதியைத் தபாலில் அனுப்புங்கள்” என்பதுதான் அநேகமாகக் கிடைக்கும் பதில். ஆகையால் கையொப்பமிட்ட மூலத் தாளைக் கிழித்தெறியாமல் பத்திரப்படுத்துங்கள்.

கடையைப் பற்றி: இயந்திரத்தில் தாளைக் கண் முன்னே வைத்து, அனுப்பியதும் தாளையும் அறிக்கையையும் கையில் தரும் கடையானால் கவலைப்பட அதிகமில்லை. இப்போது பல இடங்களில், “வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்கிறார்கள். அப்படி அனுப்பிய அடையாள அட்டையும் வங்கிப் புத்தகப் பக்கமும் அந்தக் கடையின் கைபேசியிலும் கணினியிலும் தங்கிவிடும். அடுத்த வாடிக்கையாளரின் போட்டோப் பிரதியைத் தேடுகிறபோது உங்களுடையதும் திரையில் விரிவதை நானே பார்த்திருக்கிறேன். தாளாகவே கொண்டுபோய்க் கொடுங்கள். கோப்பாகக் கொடுத்தே ஆக வேண்டுமானால், பென் டிரைவில் அந்த ஒரு கோப்பை மட்டும் வைத்துக் கொண்டுபோய், வேலை முடிந்ததும் கடைக் கணினியில் பிரதி ஏதும் இருந்தால் அதை உங்கள் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள்; குப்பைக் கூடையையும் வெறுமையாக்கச் சொல்லத் தயங்க வேண்டாம்.